ஒன்பதாம் தேதிப் பக்கம்

ஜனவரி 6, திங்கள்

அக்கா அனுப்பிய டைரி இன்று வந்து சேர்ந்தது. சங்கரன்கோவிலில் அவள் துணி எடுக்கும் கடையில் புது வருடத்துக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மேல் மூலையில் ராகுகாலம் அச்சிட்டிருக்கிறது. ஜெனீவாவில் ராகுகாலம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் அடிக்க வருவாள்.

முப்பத்தாறு வயதில் டைரி எழுதக் கிளம்பியிருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. காரணம் எல்கே. எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவர், ஜெர்மன்காரப் பெண்மணி. ஐம்பத்தெட்டு வயது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. "இந்த மூன்று மாதமும் என்ன செய்தாய், எதைச் சந்தேகப்பட்டாய், எல்லாவற்றையும் அன்றன்றே தேதி போட்டு எழுதி வை. மூளை தனக்குச் சாதகமானதைத்தான் ஞாபகம் வைத்திருக்கும்" என்றார். நிரோஷன் கணினியில் எழுதுகிறான். எனக்குக் கையால் எழுதினால்தான் எழுதியது போல இருக்கும்.

தமிழில் எழுதப் போகிறேன். குழுவில் ஏழு பேர். இதைப் படிக்கக்கூடியவன் நிரோஷன் ஒருவன்தான். பெர்னில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பையன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், அதனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். பயமில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

துணி துவைக்கும் நாள். இந்தக் கட்டடத்தில் பதினாறு வீடுகள், அடித்தளத்தில் ஒரே ஒரு வாஷிங் மெஷின். சுவரில் தொங்கும் தாளில் ஆளுக்கொரு நேரம் போட்டிருக்கிறது. என் முறை செவ்வாய் மாலை ஐந்து முதல் ஏழு வரை. ஏழு அடித்ததும் மூன்றாம் மாடிக்காரர் கூடையோடு வந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த நிற்பே போதும்.

தோசை மாவு பொங்கவில்லை. ஹீட்டர் மேல் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, புதன்

அக்காவிடம் போனில் பேசினேன். கணக்கு டீச்சர் என்பதால் அவளுக்கு மேலோட்டமாகச் சொன்னால் கோபம் வரும். "என்னதாண்டி செய்யுத அங்கன, கோமதி? வெளக்கமா சொல்லு" என்றாள். சொன்னேன்.

புரோட்டான்களை அசுர வேகத்தில் மோதவிட்டால், எப்போதாவது டாப் குவார்க் என்ற கனமான துகளும் அதன் எதிர்த்துகளும் ஜோடியாகப் பிறக்கும். பிறந்த மாத்திரத்தில் சிதையும். சிதையும்போது ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரானையோ மியூவானையோ வீசிவிட்டுப் போகும். வீசப்பட்ட இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தை லட்சக்கணக்கான ஜோடிகளுக்கு அளந்தால் கடைசியில் ஒரே ஒரு எண் கிடைக்கும். அந்த எண் −0.33-க்குக் கீழே இறங்கினால், பிறந்தபோது அவை இரண்டு தனித்தனிப் பொருளாக இருக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் விவரிக்க முடியாத நிலை. அதுதான் குவாண்டம் பிணைவு. வேறு குழுக்கள் இதைக் கண்டிருக்கின்றன. நாங்கள் புதிய தரவில், வேறு வழியில் பார்க்கிறோம். சும்மா கீழே இறங்கினால் போதாது. எங்கள் அளவின் பிழை வரம்பு 0.025. அதைப் போல ஐந்து மடங்கு இறங்கியிருந்தால்தான் "கண்டோம்" என்று சொல்லலாம். அதாவது −0.46-ஐத் தொட வேண்டும்.

"அப்போ நான் இங்கன அழுதா நீ அங்கன அழுவியாட்டி?"

"அதெல்லாம் இல்லக்கா."

"பின்ன என்னத்த பிணைஞ்சு கெடக்கு?"

இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வருகிறது.

ஜனவரி 9, வியாழன்

இன்று பூட்டு வேலை முடிந்தது.

எங்கள் தொழிலில் விடையை நாங்களே எங்களிடமிருந்து ஒளித்து வைப்பது வழக்கம். எல்கே ஒரு ரகசிய வார்த்தையைத் தட்டச்சு செய்திருக்கிறார். அதிலிருந்து கணினி ஒரு எண்ணை உண்டாக்கி, நிஜத் தரவின் விடையோடு கூட்டிவிடும். திரையில் நாங்கள் பார்ப்பது கூட்டிய எண் மட்டும். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து, குழு கூடி ஒப்புக்கொண்ட பிறகு, கூட்டியதைக் கழித்து உண்மையான விடையைப் பார்ப்போம். பார்த்த பிறகு எதையும் மாற்றக் கூடாது. விடை பிடிக்காவிட்டால் விழுந்து விழுந்து தப்பைத் தேடுவோம், பிடித்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுவோம். மனுஷ புத்தி அப்படி. அதற்குத்தான் பூட்டு.

பூட்டு நிரலை எழுதியது நான். அதில் ஒரு ஓட்டை இருந்தது. மாதிரித் தரவு என்று ஒன்று உண்டு, கணினியே கற்பனையாக மோதவிட்டு உண்டாக்கியது. அதன் விடை −0.48 என்று முன்கூட்டியே தெரியும். அதோடும் இதே ரகசிய எண்ணைக் கூட்டினால், யார் வேண்டுமானாலும் ரகசிய எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் மாதிரித் தரவில் கூட்டல் தானாக நடக்காதபடி செய்துவிட்டேன். வேண்டுமென்றே கையால் கட்டளை எழுதினால்தான் நடக்கும். சோதனைக்காக அந்தக் கட்டளையை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். என் வேலையில் எனக்கே கொஞ்சம் கர்வம்.

சரிபார்க்க வேண்டியவை:
1. மியூவான் கோணம், கருவியின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா?
2. பிற்பாதித் தரவில் ஆற்றல் திருத்தம் எந்த இடத்தில் போடப்படுகிறது?
3. மாதிரித் தரவின் அளவு போதுமா?
4. பின்புலக் கழிவு எந்த ஆண்டுக் கோப்பிலிருந்து வருகிறது? பழையதாக இருக்கலாம். கட்டாயம் பார்க்க.

ஜனவரி 13, திங்கள்

நிஜத் தரவை முதன்முதலாக ஓட்டினோம். 0.39. ரகசிய எண் கூடியிருப்பதால் இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. ஆனாலும் நிரோஷன் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி, சுற்றிக் கட்டம் போட்டான். இது அவனுடைய முனைவர் பட்ட ஆய்வு. ஜூன் மாதம் அவன் ஒப்பந்தம் முடிகிறது. ஜூலைக்குள் ஆய்வேடு கொடுத்துவிட்டால் ஜப்பானில் ஒரு வேலை காத்திருக்கிறது. இப்போதே ஜப்பானிய எழுத்துகளைப் படிக்கிறான். தமிழை எழுத்துக் கூட்டுகிறவனுக்கு இது தேவையா என்று கேட்டேன். சிரித்தான்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். விசில் வந்தபோது "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி என்ன நினைத்திருப்பாளோ.

மத்தியானம் அலுவலகத்தில் யாரும் இல்லை. மாதிரித் தரவை ஓட்டியபோது தவறுதலாகக் கூட்டலும் சேர்ந்துவிட்டது. திரையில் 0.20 என்று வந்தது. உடனே மூடிவிட்டேன். கழித்துப் பார்க்கவில்லை.

மணி மூன்றேகால். இந்தப் பக்கத்தின் மூலையில் ராகுகாலம் 3 முதல் 4.30 என்று இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

தலைவலி. குளிர்தான் காரணம். மீந்த பொங்கலைக் கொட்டிவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

பட்டியலில் ஒன்றை விட்டுவிட்டு இரண்டை முதலில் எடுத்திருக்கிறேன். வரிசைப்படிதான் போக வேண்டும் என்று சட்டமா?

விடையை நீர்த்துப்போகச் செய்யக்கூடிய பிழைகள் என்னென்ன என்று ஒரு தனித் தாளில் எழுதி வருகிறேன். பதினொன்று வந்திருக்கிறது. நிரோஷன் எட்டிப் பார்த்தான்.

"ஏனக்கா ஒரு பக்கப் பிழையளை மட்டும் பாக்கிறியள்? மற்றப் பக்கம் தள்ளுறதும் இருக்கும்தானே?"

"இது முடியட்டும், அதையும் பாப்போம்" என்றேன். அவன் எப்போதும் இப்படித்தான், நடுவில் கேள்வி கேட்பான்.

ஜனவரி 28, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்.

சென்ற ஆண்டின் பிற்பாதித் தரவில் ஆற்றல் திருத்தம் இரண்டு தடவை போடப்பட்டிருக்கிறது. தரவைத் தயாரிக்கும்போது ஒரு தடவை, எங்கள் நிரலில் இன்னொரு தடவை. இருக்க வேண்டியதைவிட ஆற்றல் குறைவாகத் தெரிந்ததால், கணக்கில் சேரக் கூடாத வேகமான ஜோடிகள் உள்ளே புகுந்துவிட்டன. அவற்றில் பிணைவு குறைவு. சாம்பாரில் தண்ணீர் ஊற்றியது போல எண் நீர்த்திருக்கிறது. நிஜமான தப்பு. யார் பார்த்தாலும் ஒப்புக்கொள்வார்கள். எல்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அற்புதமான வேலை" என்றார். அவர் வாயிலிருந்து இந்த ஆறு வருடத்தில் நான் கேட்ட மூன்றாவது பாராட்டு.

திருத்தி ஓட்டினோம். 0.39 இப்போது 0.22 ஆகிவிட்டது. நிரோஷன் பலகையில் பழையதை அழித்துப் புதியதை எழுதினான். 0.22 என்பது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் கேன்டீனுக்குப் போய் எல்லோருக்கும் ஒரு கேக் வாங்கி வந்தேன்.

இன்று துணி துவைக்கப் போகவில்லை. மறந்துவிட்டது.

பிப்ரவரி 6, வியாழன்

ஒன்றும் மூன்றும் முடிந்தன. சுத்தம். நிம்மதியாக இருக்கிறது. அறிக்கை எழுத ஆரம்பிக்கலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாவு இன்று பொங்கியது. மூன்று தோசை, ஓட்டை ஓட்டையாக, ஊரில் வார்ப்பது போலவே. நிரோஷனுக்கு இரண்டு கட்டிக்கொண்டு போனேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "அக்கா, அந்த ரெண்டாவதை நீங்கள் பிடிக்காட்டி என்ர தீசிஸ் முழுக்கப் பிழையாப் போயிருக்கும். என்னெண்டு அது உங்களுக்குத் தட்டுப்பட்டது?"

அனுபவம் என்றேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்காவோடு ஒரு மணி நேரம் பேசினேன். பேச்சுவாக்கில், "யாரோ ஒருத்தி, ஒளிச்சு வச்ச ஒண்ண தெரியாம பாத்துட்டாக்கா. என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"யாரோ ஒருத்தியா?" என்றாள். பிறகு அவளே விடைத்தாள் திருத்தும் முகாம் கதையைச் சொன்னாள். பிளஸ் டூ விடைத்தாளில் பெயரும் பதிவெண்ணும் தெரியாமல் இருக்க டம்மி நம்பர் போட்டுத்தான் ஆசிரியர்களிடம் தருவார்கள்.

"நாலு வருசத்துக்கு முன்ன ஒரு கட்டு வந்துச்சு. எப்பிடியோ நம்ம பள்ளிக்கூடத்துத் தாளும் கலந்து வந்திருக்கு. பிரிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சுட்டி, நம்ம பய எழுத்துன்னு. ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடுவான். அந்தத் தாள சீஃப் எக்ஸாமினர் கிட்ட திருப்பிக் குடுத்திருக்கணும். குடுக்கல. நானே திருத்துனேன்."

"அள்ளிப் போட்டியாக்கா?"

"அள்ளிப் போட்டிருந்தாக்கூட பரவால்ல. நம்ம பயன்னு தெரிஞ்சதால ஒருதலையா போயிரக் கூடாதேன்னு ரெண்டு மார்க்க இறுக்கிப் போட்டேன். வேற எவன் எழுதியிருந்தாலும் அந்த ரெண்டையும் குடுத்திருப்பேன். பொறவு அவனுக்குக் கேட்ட காலேஜு கெடைக்கல."

"அந்த ரெண்டு மார்க்குனாலயா?"

"யாருக்குத் தெரியும்? அதுனாலயா இல்லையான்னு இப்ப வரைக்கும் தெரியாது. பஸ் ஸ்டாண்டுல அவனப் பாத்தா நான் அந்தால திரும்பிக்கிடுவேன்."

அக்கா நியாயஸ்தி. ஊரே சொல்லும். அவளுக்கே இந்தக் கதி. ஆனால் என் விஷயம் வேறு. நான் யாருக்கும் மார்க் குறைக்கவில்லை. நான் கண்டுபிடித்தது நிஜமான தப்பு.

மார்ச் 3, திங்கள்

பூட்டைத் திறக்க ஒப்புதல் கூட்டம். எல்கே வழக்கப்படி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, "விடையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஏழு பேரும் இல்லை என்றோம். வெள்ளிக்கிழமை திறப்பு.

மார்ச் 4, செவ்வாய்

மெஷினில் துணியைப் போட்டுவிட்டு மேலே வந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார் மூன்றாம் மாடிக்காரர். என் துணியைப் பிழிந்து, மடித்து, கூடையில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 5, புதன்

சரிபார்ப்புகளைத் தேதியோடு அறிக்கையின் பின்னிணைப்பில் சேர்க்கச் சொன்னார் எல்கே. அதற்காக இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன்.

ஜனவரி 9. நான்காவது வரி. "கட்டாயம் பார்க்க."

பார்க்கவே இல்லை. இரண்டு மாதமாக அது நினைவுக்கே வரவில்லை. ஜனவரி 28-க்குப் பிறகு ஒரு இடத்திலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. "நிம்மதியாக இருக்கிறது" என்றுதான் இருக்கிறது.

பின்புலக் கழிவு என்பது வேறொன்றுமில்லை. கடையில் எண்ணெய் வாங்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறோமே, அது போல. டாப் குவார்க் போலத் தோற்றம் காட்டும் வேறு மோதல்களைக் கழிக்க வேண்டும். கழிவு அதிகமாகப் போட்டிருந்தால் விடை இருப்பதைவிட அழகாகத் தெரியும். விடையைக் கெடுக்கக்கூடிய பிழை. அதனால்தான் நான் அதைத் தேடிப் போகவில்லை.

மூடிவிட்டேன், கழிக்கவில்லை என்று ஜனவரி 14-இல் எழுதியிருக்கிறேன். கழித்தேன். ரகசிய எண் என்னவென்று எனக்குத் தெரியும். முதல் விடை தேறாது என்று தெரிந்துதான் வெறி பிடித்தாற்போலத் தப்பைத் தேடினேன். திருத்திய விடை சரியாக ஐந்து மடங்குக் கோட்டைத் தொட்டதும் தேடுவதை நிறுத்தினேன். ஜனவரி 9 வரையில் இருந்த கோமதியை நம்பலாம். அதற்குப் பிறகு இந்த டைரியில் எழுதுகிறவளை நம்புவதற்கில்லை.

இப்போது நான்காவதைப் போய்ப் பார்க்கவும் எனக்கு உரிமையில்லை. பார்த்து, விடை மாறாவிட்டால் சந்தோஷப்படுவேன், மாறினால் ஏதாவது காரணம் சொல்லி விலக்குவேன். அக்கா ரெண்டு மார்க் இறுக்கினாற்போல நானும் எந்தப் பக்கமாவது சாய்வேன்.

சொன்னால் எல்லாவற்றையும் வேறு ஆட்கள் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும். நிரோஷனுக்கு ஜூலை தவறும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அவன் துள்ளிக் குதிப்பான்.

மார்ச் 6, வியாழன்

எல்கேயிடம் சொல்லிவிட்டேன். மாதிரித் தரவை ஓட்டும்போது தவறுதலாகக் கூட்டலும் சேர்ந்துவிட்டது, மனத்துக்குள் கழித்துவிட்டேன், திங்கட்கிழமை பொய் சொன்னேன் என்றேன்.

அவர் முதலில் சொன்னது: "எண்ணைச் சொல்லாதே. என்னிடம்கூடச் சொல்லாதே."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். திறப்பு ரத்து. புது ரகசிய வார்த்தை போடப்படும். நிரோஷனும் வேறு குழுவிலிருந்து ஒருவரும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்ப்பார்கள். நான் விலகிவிட வேண்டும், தரவைத் தொடக் கூடாது. "தவறு எல்லோருக்கும் நேரும். திங்கட்கிழமை சொன்ன 'இல்லை'தான் எனக்கு வருத்தம்" என்றார்.

நான் விலகுவதற்கு முன் கொடுக்க ஒன்றே ஒன்று இருக்கிறது என்று சொல்லி, ஜனவரி 9-ஆம் தேதிப் பக்கத்தின் நகலை நீட்டினேன். நான் பார்ப்பதற்கு முன் எழுதியது. நான்காவது வரி மிச்சமிருக்கிறது.

"இதை அன்றைக்கே எழுதினாய் என்று எப்படி நம்புவது?"

"இந்தப் பக்கம் எனக்கு எதிராகத்தான் இருக்கிறது" என்றேன். வாங்கிக்கொண்டார். தமிழைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

நிரோஷனிடம் எல்கே சொல்லியிருக்கிறார். காலையில் என் மேசைப் பக்கமாக வந்தான், நின்றான். ஏதோ கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். பலகையில் இருந்த 0.22-ஐ அழித்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. "வாழ்த்துகள்" என்று நிரோஷனுக்குச் செய்தி அனுப்பினேன். "உங்களுக்கும்" என்று ஒற்றைச் சொல் வந்தது. ஐந்து வாரத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் சொல்.

எனக்கு இப்போது கருவிப் பராமரிப்பு அட்டவணை போடும் வேலை. யார் எந்தக் கிழமை எந்தக் கேபிளைப் பார்ப்பது என்று கட்டம் போடுகிறேன். வாஷிங் மெஷின் தாளைப் போலவே இருக்கிறது.

ஜப்பான் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கேன்டீனில் யாரோ சொல்லிக் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அந்தப் பையனுக்கு நான் செய்தது பெரிய கெடுதல்.

மே 16, வெள்ளி

இன்று திறந்தார்கள். நான் கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டல் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

எல்கே வந்து எதிரில் உட்கார்ந்தார். −0.39.

நான்காவது வரி சரிதான். கழிவுக் கோப்பு இரண்டு வருடம் பழையது, தேவைக்கு மேல் கழித்திருக்கிறது. −0.39 என்பது −0.33-க்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் ஐந்து மடங்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. பிணைவு இருக்கலாம், இருக்கிறது என்று எங்கள் தரவைக் கொண்டு சொல்ல முடியாது என்று எழுதுவார்கள். அடக்கமான கட்டுரை. நிரோஷனுக்கு அக்டோபரில் பட்டம் கிடைத்துவிடும். கண்டுபிடித்தால்தான் பட்டம் என்றில்லை, ஒழுங்காக அளந்தால் போதும்.

மார்ச்சில் நான் பேசாமல் இருந்திருந்தால் "கண்டோம்" என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டிருப்போம்.

"உன் ஒன்பதாம் தேதிப் பக்கம் எங்களைக் காப்பாற்றியது" என்றார் எல்கே. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செய்த தப்புக்கு ஈடாக ஒரு நல்லதாவது செய்திருக்கிறேன் என்று தோன்றியது.

மே 20, செவ்வாய்

மாலை ஆறேகால். அடித்தளத்தில் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. நிரோஷன் படியிறங்கி வந்தான். அவன் இந்தக் கட்டடத்துக்கு வந்ததே இல்லை. துவைத்த துணி போடும் மேசையில் ஏறி உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளு."

"உங்கட பக்கத்தை எல்கே என்னட்டத் தந்தவா, நாலாவது வரியை மொழிபெயர்க்கச் சொல்லி. நான் மேல இருந்து முழுக்க வாசிச்சனான். எழுத்துக் கூட்டித்தான். அரை நாள் போட்டுது."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. தமிழ் வாசித்ததைப் பாராட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

"மாதிரித் தரவில கூட்டல் தானா நடக்காது எண்டு அதில எழுதியிருக்கிறியள். வேணுமெண்டே கையால கட்டளை எழுதினாத்தான் நடக்கும் எண்டு. பிறகு என்னெண்டு அக்கா அது தவறுதலா நடந்தது?"

மெஷின் சுற்றுவது நின்று, தண்ணீர் வடியும் சத்தம் மட்டும் கேட்டது. நகல் எடுத்துக் கொடுத்தது நான். நான்காவது வரியைத்தான் பார்த்தேனே தவிர, அதற்கு மேலே கர்வத்தோடு எழுதியதைப் பார்க்கவில்லை.

"மார்ச்சுலயே ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஓம்."

"ஏன் அப்பவே எல்கேகிட்ட சொல்லல?"

"சொன்னா அந்தப் பக்கத்தையே ஒருத்தரும் நம்பமாட்டினம். நாலாவது வரியைத் தூக்கிப் போட்டிருப்பினம். அது எனக்குத் தேவையா இருந்தது." காலை ஆட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். "ரெண்டு மாசமா நானும் ஒண்டை ஒளிச்சு வச்சிருக்கிறன், அக்கா. உங்களால. ஜப்பான் வேலை போனதைவிட எனக்கு இதுதான் கோவம்."

"நிரோஷா..."

"நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுறதெண்டா சொல்லுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. ஆனா இனி அக்கா தம்பி எண்டு சொல்லி எனக்குத் தோசை தராதேங்கோ."

போய்விட்டான். மூன்றாம் மாடிக்காரர் வந்தபோது ஏழு மணி. என் துணி இன்னும் உள்ளேயே இருந்தது. ஈரத்தோடு அள்ளிக்கொண்டு மேலே வந்தேன்.

மே 21, புதன்

இன்று காலை ஒன்பது மணிக்கு எல்கேயைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். இந்தத் தடவை டைரியை முழுதாக எடுத்துப் போகிறேன். நிரோஷனைப் படிக்கச் சொல்லட்டும், அல்லது வேறு யாரையாவது. கட்டுரையிலிருந்து என் பெயர் போகும், வேலையும் போகலாம். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "வேலை போனா வந்துரு. டியூசன் எடுக்கலாம்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "எதுக்குட்டி பாத்த?" என்றாள்.

பெரிய காரணம் எதுவும் இல்லை. யாரும் இல்லாத மத்தியானம். வருடக்கணக்காக உழைத்ததற்குக் கடைசியில் என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் இன்னும் இரண்டு மாதம் இருக்க முடியாது போலத் தோன்றியது. பூட்டு செய்தவள் நான், திறக்கத் தெரிந்தவளும் நான். அவ்வளவுதான்.

ஜனவரி 14-ஆம் தேதிப் பக்கத்தில் "தவறுதலாக" என்று இருப்பதை அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை. பார்த்த பிறகு எதையும் மாற்றக் கூடாது. அது அப்படியே இருக்கட்டும். இதை இங்கே, இன்றைய தேதியில் எழுதுகிறேன்.

ஜனவரி 14, மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம். கட்டளையைக் கையால் எழுதினேன். ஒரு எழுத்துப் பிழை வந்தது, திரும்ப எழுதினேன். 0.20 என்று வந்தது.

0.20 + 0.48 = 0.68
0.39 − 0.68 = −0.29

மனக்கணக்கு. மூன்று நொடிகூட ஆகவில்லை. எழுதத்தான் நான்கு மாதம் ஆயிற்று.